பெயர் இல்லாதோர்க்கும் ஒரு மெழுகுவத்தி

நவம்பர்த் திங்கள் இறந்தோரின் திங்கள். அதன் இரண்டாம் நாள், நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் வெள்ளையடிக்கப் பெற்று, பூமாலை சூடி, மெழுகுவத்தி ஒளியில் மிதக்கின்றன. அன்று ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலிகள் நிறைவேற்றலாம் என்பது திருச்சபையின் ஒழுங்கு. பங்கு மக்கள் பலரும் இதனை அறிவர். ஆனால் இவ்வுரிமை எக்காலத்தில், எக்காரணத்தால் வந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

1748-ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இவ்வுரிமையை ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளுக்கும் அவற்றின் ஆட்சிப் பகுதிகளுக்கும் மட்டுமே வழங்கியிருந்தார். உலகெங்கும் உள்ள குருக்கள் அனைவர்க்கும் அதனை விரித்துக் கொடுத்தவர் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட். நாள் 1915 ஆகஸ்டு 10. முதல் உலகப் போர் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது. ஐரோப்பாவின் வயல்கள் இளைஞர் உடல்களால் நிரம்பிக் கொண்டிருந்தன. இத்தனை பேர்க்கு யார் செபிப்பது? தனித்தனியே ஒருவர்க்கு ஒரு பூசை என்று ஒப்புக்கொடுக்க இயலாத அளவுக்குச் சாவு பெருகியிருந்தது. ஆகவே, ஒரு திருப்பலி குருவின் விருப்பக் கருத்துக்காக, மற்றொன்று இறந்த விசுவாசிகள் அனைவர்க்காக, மூன்றாவது திருத்தந்தையின் கருத்துக்காக என்று அவர் வகுத்தார். 1917-இல் அப்போரைப் பயனற்ற படுகொலை என்று கண்டித்த அதே திருத்தந்தைதான் இவர். போரைக் கண்டித்த வாயே போரில் மடிந்தோர்க்கு மன்றாடவும் கற்பித்தது. இவ்விரண்டிற்கும் இடையே முரண்பாடு ஏதுமில்லை.

எனவே, கல்லறைத் திருநாளில் நாம் காணும் மூன்று பூசைகளுக்குப் பின்னால், அயல் மண்ணில் விழுந்த எண்ணற்ற போர்வீரர்கள் நிற்கின்றனர். அவர்களுடைய கல்லறைகளின் வரலாறு நாம் சிந்திக்கத்தக்கது. அவ்வரலாற்றில் ஓர் உயர்ந்த வாக்குறுதி உண்டு. அவ்வாக்குறுதி மீறப்பட்ட கதையும் உண்டு. அதனுள் நம் தமிழ் இனத்தின் ஆறாத காயம் ஒன்றும் உண்டு.

இறந்த வீரர்க்கான முதல் காணிக்கை

இறந்தோர்க்காகச் செபிப்பது பற்றி மறைக்கல்வியில் நாம் படிக்கும் முதன்மையான விவிலியச் சான்று மக்கபேயர் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. அது போர்க்களத்தில் நிகழ்ந்தது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கோர்கியாவோடு நடந்த போருக்குப் பின், விழுந்து கிடந்த தம் வீரர்களின் உடல்களை எடுத்து அடக்கம் செய்ய யூதா மக்கபேயும் அவருடைய ஆள்களும் செல்கின்றனர். இறந்தோர் ஒவ்வொருவரின் ஆடைக்குள்ளும் வேற்றுத் தெய்வங்களின் தாயத்துகள் இருக்கக் காண்கின்றனர். அவர்கள் குற்றமற்றோர் அல்லர் என்பது வெளிப்படை. ஆயினும் யூதா அவர்களை எறிந்துவிட்டுப் போகவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் திராக்மா வெள்ளியைத் திரட்டி, அவர்களுடைய பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. வீரர் ஒருவரை அடக்கம் செய்வதும் நினைவுகூர்வதும் அவர் செய்த போரைப் புகழ்வதாகாது. அவர் ஆண்டவரின் சாயல். ஒரு தாயின் மகன். அந்த ஒன்றே போதும். இறந்தோரை அடக்கம் செய்தல் உடலைச் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்றாக நம் திருச்சபையில் எண்ணப்படுவதும் இக்காரணம் பற்றியே.

கல்லறைகளைக் குறித்து வைத்த மனிதர்

1914-இல் போர் மூண்டபோது பேபியன் வேர் என்பவர் படையில் சேர விரும்பினார். அவருக்கு வயது 45. வயது மிகுந்தவர் என்று மறுத்துவிட்டனர். கல்வித்துறையிலும் பின்னர் இதழாசிரியராகவும் பணியாற்றிய அவர், பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்திப் பிரிவு ஒன்றின் தலைவராகப் பிரான்சுக்குச் சென்றார். காயமுற்றோரைத் தேடி அலைந்த அவர் கண்ணில் பட்டவை சாலையோரங்களிலும் தோட்டங்களிலும் அவசரமாக எழுப்பப்பட்ட மண்மேடுகள். அவற்றின்மீது நட்ட மரச்சிலுவைகளில் பெயர்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. இரண்டு மழைக்கு மேல் அவை நில்லா. அவற்றை யாரும் பதிவு செய்யவில்லை என்பதை உணர்ந்த வேர், அப்பணியைத் தாமே தொடங்கினார். 1915-இல் படைத்துறை அதனை ஏற்றது. 1917 மே 21-இல் அரச பட்டயத்தின் வழியாக இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் உருவாயிற்று. 1960 முதல் அது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் எனப்படுகிறது. இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் ஏறத்தாழ 17 லட்சம் பேரின் நினைவை அது காத்து வருகிறது.

ஆணையத்தின் முன் நின்ற முதல் கேள்வி, உடல்களைத் தாயகம் கொண்டு வருவதா என்பது. 1915 ஏப்ரலில், நான்கு முறை பிரதமராய் இருந்த கிளாட்ஸ்டனின் பேரன் போர்முனையில் இறந்தார். அவருடைய உடல் தோண்டி எடுக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டு வரப்பட்டது. பெருங்குடியினர்க்கு இது இயலும். சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு இயலுமா? விரைவில் அவ்வழக்கம் தடை செய்யப்பட்டது. விழுந்த மண்ணிலேயே, உடன் விழுந்த தோழர்களின் நடுவிலேயே அனைவரும் துயில வேண்டும் என்பது முடிவாயிற்று.

எல்லார்க்கும் ஒரே கல்

அடுத்த கேள்வி, கல்லறைகள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது. அதற்கு விடை காணும் பொறுப்பு பிரித்தானிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் பிரெடரிக் கெனியனிடம் ஒப்படைக்கப்பட்டது. விவிலியத்தின் பழைய கையெழுத்துப் படிகளை ஆராய்ந்த அறிஞர் என்று குருமட மாணவர்கள் அறியும் கெனியன் இவரே. 1918-இல் அவர் அளித்த அறிக்கை எளிய ஒரு கொள்கையின்மேல் நின்றது. படைத்தலைவர்க்கும் சிப்பாய்க்கும் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே வடிவம் உடைய கல். பதவி, இனம், சமயம் எதனாலும் வேறுபாடு இல்லை. உடல் கிடைத்தவர்க்குத் தனிக்கல். கிடைக்காதவர்க்கு நினைவுச் சுவரில் பெயர்.

இது எல்லார்க்கும் உவப்பாக இருக்கவில்லை. மகனை இழந்த தாய்மார் பலர், தம் பிள்ளையின் தலைமாட்டில் சிலுவை வடிவக் கல் வேண்டும் என்று மன்றாடினர். போரில் மூன்று மக்களை இழந்த புளாரன்சு செசில் சீமாட்டி, எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை வேல்ஸ் இளவரசரிடம் அளித்தார். இறந்த மகன் அரசுக்கு உரியவனா, தாய்க்கு உரியவனா என்பதே அவ்விண்ணப்பத்தின் அடியில் இருந்த கேள்வி. 1920 மே 4-இல் நாடாளுமன்றத்தின் மக்களவையில் இது காரசாரமாக விவாதிக்கப்பட்டது. இறுதியில் ஆணையத்தின் கொள்கையே நிலைத்தது. ஆயினும் தாயின் குரல் முற்றிலும் புறக்கணிக்கப்படவில்லை. கல்லின் அடியில், இடைவெளிகளையும் சேர்த்து 66 எழுத்துகளுக்குள், குடும்பத்தார் தம் விருப்பப்படி ஒரு வரி பொறித்துக் கொள்ளலாம் என்று இசைவளித்தனர். கல்லின்மேல் அவரவர் சமயச் சின்னத்தைப் பொறிக்கவும் வழி செய்தனர். பெரிய கல்லறைத் தோட்டங்களில் புளோம்பீல்டு வடிவமைத்த உயர்ந்த சிலுவை எழுந்தது. புதுதில்லியைக் கட்டிய லட்டியன்சு வடிவமைத்த, பலிபீடம் போன்ற பெருங்கல்லும் அதனோடு இடம் பெற்றது.

அப்பெருங்கல்லில் பொறிப்பதற்கான சொற்களைத் தெரிந்தெடுத்தவர் எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங். அவருடைய ஒரே மகன் ஜான் 18 வயதில், 1915-இல் லூஸ் போரில் காணாமற் போனான். தந்தை தேடினார்; 1936-இல் தாம் இறக்கும் வரையில் மகனின் கல்லறையை அவர் காணவில்லை. அடையாளம் தெரியாத வீரர்களின் கற்களில், இவர் யாரென்று இறைவன் அறிவார் எனப் பொருள்படும் சொற்களை அமைத்துக் கொடுத்தவரும் அவரே. பேரரசின் பெருமை பேசியவர் என அறியப்பட்ட ஒருவர், தந்தை என்ற நிலையில் எழுதிய எழுத்து அது.

பெருங்கல்லுக்காக அவர் தெரிந்தெடுத்தது சீராக்கின் ஞானம் 44-ஆம் அதிகாரத்தின் 14-ஆம் வசனத்தின் பிற்பகுதி. அவர்களுடைய பெயர் தலைமுறைதோறும் வாழும் என்பது அதன் கருத்து. சீர்திருத்தச் சபையினர் தங்கள் விவிலியத்தின் முறையான நூல்களுள் ஒன்றாக ஏற்காத, நாமோ இறைவாக்காக ஏற்று வாசிக்கும் நூல் சீராக். அதன் ஒரு வரி, இங்கிலாந்தின் போர்க் கல்லறைகள் எங்கும் நிலைத்து நிற்கிறது என்பது இறைவனின் திருவிளையாடல்களுள் ஒன்று என்றே தோன்றுகிறது.

அயலார் கைகள்

கல் நட்டுவிட்டால் போதாது. அதனைக் காக்கும் கைகள் வேண்டும். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மெனின் வாயில் என்னும் நினைவு மண்டபம் உள்ளது. உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களில் உள்ளன. இந்திய வீரர் பெயர்களும் அவற்றுள் உண்டு. 1928 முதல் ஒவ்வொரு மாலையும் எட்டு மணிக்கு அவ்வூரார் போக்குவரத்தை நிறுத்தி, அங்கே எக்காளம் ஊதுகின்றனர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆட்சி நிலவிய ஆண்டுகளில் மட்டும் அது அங்கே நின்றது. 1944 செப்டம்பர் 6-இல் நகர் மீட்கப்பட்ட அன்று மாலையே மீண்டும் ஒலித்தது. இறந்தவர்கள் அவ்வூரார்க்கு உறவினர் அல்லர். மொழி வேறு, நாடு வேறு. ஆயினும் நாளும் ஒருவர் வந்து ஊதுகிறார்.

இதே அன்பை நம் மண்ணிலும் காணலாம். சென்னையில் புனித தோமையார் மலைக்குத் திருப்பயணம் செல்வோர், அருகே நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைக் காணாது திரும்புவதே பெரும்பான்மை. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிக்க இயலாதிருந்த இடங்களிலிருந்து கொண்டு வரப்பட்ட, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கல்லறைகள் எண்ணூற்றுக்கும் மேற்பட்டவை அங்கே உள்ளன. முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பின்புறத்துச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. கடல் கடந்து வந்த பிள்ளைகளின் புல்வெளியை வெட்டிச் சீர்படுத்துபவை, மலர்ச்செடிகளுக்கு நீர் வார்ப்பவை நம் ஊர்த் தோட்டக்காரர்களின் கைகள். அத்தாய்மார் அறியாத தமிழ்க் கைகள்.

மீறப்பட்ட வாக்கு

இதுவரை கண்டது வாக்குறுதியின் வரலாறு. இனி உண்மையின் மறுபக்கத்தையும் நேர்மையோடு காண வேண்டும்.

2021 ஏப்ரலில் ஆணையம் தன் கடந்த காலத்தைத் தானே ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர் வரை, பெரும்பாலும் இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பிறர்க்கு ஒப்பாக நினைவுகூரப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை. அல்லது எவ்வகையிலும் நினைவுகூரப்படவில்லை. சுமை தூக்கிச் சென்று காய்ச்சலிலும் பசியிலும் மடிந்த கிழக்கு ஆப்பிரிக்கக் கூலிகள் இவர்களுள் மிகுதியானோர். இம்மக்களுக்குக் கல்லறைக் கல்லின் பொருள் விளங்காது என்று அக்கால அலுவலர்கள் கருதியிருந்தனர். ஈராக்கின் பாஸ்ரா நினைவகத்தில் ஆங்கிலேய வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர். இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கை மட்டும். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர் உழைத்த களமும் அம்மெசப்பொத்தேமியாவே.

எல்லார்க்கும் ஒரே கல் என்று சொன்ன அதே நிறுவனம், சிலர்க்குக் கல்லே தரவில்லை. ஐரோப்பாவில் காத்த கொள்கையை, வெள்ளையர் கண் படாத இடங்களில் கைவிட்டது. ஆணையம் இதற்காக மன்னிப்புக் கேட்டது. 2025 சனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், முன்னர் விடுபட்ட 1,700-க்கும் மேற்பட்ட கருப்பினத் தொழிற்படையினர்க்கு, ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு மரத்தூண் என நினைவகம் திறக்கப்பட்டது. நூறாண்டு தாமதம்தான். ஆயினும் பாவசங்கீர்த்தனம் செய்பவர் தம் குற்றத்தைத் தாமே வாய்விட்டுச் சொல்வது போல, ஒரு நிறுவனம் தன் குற்றத்தைத் தானே எழுதி வெளியிட்டது அரிய செயல் என்பதை மறுத்தற்கில்லை.

கிப்ளிங் சீராக்கின் 14-ஆம் வசனத்தை எடுத்தார். அதற்கு ஐந்து வசனங்களுக்கு முன்னே, அதே அதிகாரத்தில், நினைவுச் சின்னமே இல்லாது, பிறவாதவர் போலவே மறைந்து போனவர்களைப் பற்றியும் ஞானி பேசுகிறார். அவ்வரி அப்பெருங்கல்லில் பொறிக்கப்படவில்லை. ஆனால் இரண்டு வரிகளும் ஒரே அதிகாரத்தில், ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை.

சயாம் காட்டில்

தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில், புகைவண்டி நிலையத்தின் அருகே ஓர் அழகிய கல்லறைத் தோட்டம் உள்ளது. ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அங்கே துயில்கின்றனர்: பிரித்தானியர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். நிமிர்ந்த கல்லுக்குப் பதிலாக, அவ்வெப்ப நாட்டிற்கு ஏற்ற வகையில் தாழ்ந்த பீடமும் வெண்கலத் தகடும். அவர்களைக் கொன்றது சயாம்–பர்மா ரயில் பாதை. 1942-இன் இறுதி மாதங்கள் முதல் 1943 அக்டோபர் வரை, ஏறத்தாழ ஓராண்டுக்குள், ஜப்பானியப் படை 415 கிலோமீட்டர் பாதையைக் காட்டின் வழியே போட்டு முடித்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் உழைத்தனர். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அக்கைதிகள் தம் தோழரை அடக்கம் செய்த இடங்களை, காவலர்க்குத் தெரியாமல் எழுதி மறைத்து வைத்தனர். நினிவேயில் அரசனுக்கு அஞ்சாது தம் இனத்தாரை மறைவாக அடக்கம் செய்த தோபித்தின் செயலை இது நினைவூட்டுகிறது. 1945-இல் விடுதலை பெற்ற பின்னும், உடனே வீடு திரும்பாது, அவர்களுள் சிலர் காட்டுக்குள் மீண்டும் சென்று பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டனர். அவ்வாறு சேர்க்கப்பட்டவையே இன்று காஞ்சனபுரி, சுங்கை, பர்மாவின் தன்பியூசயாத் ஆகிய மூன்று தோட்டங்களாக விளங்குகின்றன.

ஆனால் அப்பாதையில் மடிந்தோருள் போர்க்கைதிகள் சிறுபான்மையினரே. மலேயா, பர்மா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து கொண்டு செல்லப்பட்ட கூலித் தொழிலாளருள் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இறந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். தமிழர் நாவில் அது இன்றும் சயாம் மரண ரயில். காலராவில் கொத்துக் கொத்தாய் விழுந்த அவர்களுக்குப் பதிவேடு வைக்க அதிகாரி இல்லை. மருத்துவர் மிகச் சிலர். எழுதப் படிக்க அறிந்தோரும் சிலரே. படைவீரர் அல்லர் ஆகையால் ஆணையத்தின் பட்டயத்துக்குள்ளும் அவர்கள் வரவில்லை. பொதுக்குழிகளில் கிடந்தனர். காஞ்சனபுரியில் அவர்களுக்காகத் தமிழ் எழுத்துப் பொறித்த பழைய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. அதனை 1944-இல் எழுப்பியவர்கள், அவர்களை அங்கே கொண்டு சென்ற ஜப்பானியப் படையினரே. நடுகல்லுக்குக் கல் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை வகுத்துத் தந்த தொல்காப்பியத்தின் மொழி பேசியவர்களுக்கு நேர்ந்த கதி இது.

எங்கே ஏற்றுவது?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லறைத் திருநாள் மாலையில் கல்லறைகளை மந்திரித்துக் கொண்டு வந்தேன். ஒவ்வொரு குடும்பமும் தத்தம் கல்லறையருகே நின்றது. முதிய தாய் ஒருவர் மட்டும் மெழுகுவத்தியைக் கையில் பிடித்தபடி வழியோரம் நின்றார். ஏற்றவில்லை. ஏனம்மா என்றேன். "சாமி, எங்க அப்பா மலேயாத் தோட்டத்துல இருந்தாரு. சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரலை. அவருக்குக் கல்லறை இல்லை. நான் இதை எங்க ஏத்துறது?" என்றார்.

இறையியல் பயின்ற எனக்கு அப்போது விடை கிடைக்கவில்லை. தோட்டத்தின் நடுவே நிற்கும் பெரிய சிலுவையைக் காட்டி, அதன் அடியில் ஏற்றுங்கள் அம்மா என்றேன். அவர் ஏற்றினார். தந்தையின் பெயரைக் கேட்டேன், சொன்னார். அன்றிரவு அப்பெயரை எழுதி வைத்து, மறுநாள் திருப்பலியில் ஒப்புக்கொடுத்தேன். எண்பது ஆண்டுகளுக்குப் பின், பலிபீடத்தின் முன் அப்பெயர் ஒலித்தது அதுவே முதல் முறையாக இருக்கக்கூடும்.

பின்னர் எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. நாம் கொடுக்கும் இரண்டாம் பூசை இறந்த விசுவாசிகள் அனைவர்க்கும் உரியது. இறைவனுக்கு எப்பெயரும் மறந்து போவதில்லை. ஆகையால் அம்மனிதர் ஒருபோதும் இழக்கப்படவில்லை. இது நம் விசுவாசம். ஆனால் இறைவன் அறிவார் என்பது நாம் மறந்துவிடுவதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதாது விட்டவர்களும் இறைவன் அறிவார் என்று சொல்லியே கடந்திருக்கக்கூடும். கிப்ளிங்கின் வாய்ச்சொல்லாக அது வந்தபோது, தேடிக் களைத்த தந்தையின் சரணாகதி. தேடவே தேடாதவன் வாயில் அதே சொல் வெறும் சாக்குப்போக்கு.

ஆதலின் அடுத்த ஆண்டு முதல், நவம்பர்த் திங்களில் நம் கோவில் முகப்பில் ஒரு குறிப்பேட்டை வைத்தேன். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று திரும்பாதோர், போரில் இறந்தோர், கடலில் மறைந்தோர், கல்லறை அறியப்படாத உறவினர் பெயர்களை அதில் எழுதும்படி மக்களை வேண்டினேன். சில பெயர்கள் வந்தன. சிலர்க்குப் பெயர் நினைவில்லை. பெரியப்பா, தாத்தாவின் தம்பி என்று உறவுமுறையை மட்டும் எழுதினர். அதனையும் அவ்வாறே வாசித்தோம்.

வாசகப் பெருமக்களே, உங்கள் இல்லங்களில் இன்னும் நினைவு மங்காத முதியோர் இருப்பின், இந்நவம்பரில் அவர்கள் அருகே அமர்ந்து கேளுங்கள். யார் போனார்கள், எங்கே போனார்கள், பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். புனித தோமையார் மலைக்குச் சென்றால் நந்தம்பாக்கத்திலும் சற்று நில்லுங்கள். யாரோ ஒரு தாயின் மகனுக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் விழுந்து கிடக்கும் சயாம் காட்டின் ஓரத்தில், நாம் அறியாத ஒருவர் அவ்வாறே நின்று அவர்களுக்காகவும் மன்றாடக்கூடும் அல்லவா?

அந்த முதிய தாய் இப்போது இல்லை. அவருக்கு நம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் உண்டு. அதில் அவர் பெயருக்குக் கீழே, அவர் கேட்டுக்கொண்டபடி, அவருடைய தந்தையின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.